தமிழ்த் துண்டறிக்கையில் வரிக்கு முன்னால் வைக்கும் பொட்டு: எந்தக் குறி, எந்த அளவு, எப்படிப்பட்ட வாக்கியம்?

கேள்வி — ஈசூன் தொண்டூழியர்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டாரத்தில் மூத்தோருக்காக நடத்தப்படும் உடல்நலப் பரிசோதனை நிகழ்ச்சிகளுக்கு ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒரே தாளில் துண்டறிக்கை அச்சிடுவது வழக்கம். அதன் தமிழ்ப் பகுதியை மொழிபெயர்த்து, மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு ஈராண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நான் தமிழைப் பட்டப்படிப்பாகப் படித்தவள் அல்லள். பகலில் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுபவள். எனவே கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘புல்லட்’ என்று சொல்லப்படும், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வைக்கும் அந்தக் கரும்பொட்டைப் பற்றியே கேட்கிறேன்.

சென்ற முறை அந்தப் பொட்டு எங்களை மூன்று வகையில் அலைக்கழித்தது. வேர்டு கோப்பில் தமிழைத் தட்டச்சு செய்தபோது, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கரும்பொட்டுக்குப் பதிலாக டிக் குறியை வைத்தேன். எங்கள் வடிவமைப்பாளர் தமிழ் அறியாதவர். அவர் அந்தப் பகுதி முழுவதையும் தம் செயலிக்குக் கொண்டுபோய்த் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். மெய்ப்பு கைக்கு வந்தபோது டிக் குறி இருந்த ஒவ்வோர் இடத்திலும், ஜெர்மன் மொழியில் வருமே, தலையில் இரண்டு புள்ளிகள் வைத்த ‘யூ’ எழுத்து, அது நின்றுகொண்டிருந்தது. அவரைப் பொறுத்தவரை அதுவும் தமிழில் ஓர் எழுத்தாகத்தான் தெரிந்திருக்கும்; அவரைக் குறை சொல்ல முடியாது.

சுட்டிக்காட்டியதும் அவர் அதை நீக்கிவிட்டு, வரியின் நடுவில் நிற்கும் சிறிய புள்ளி ஒன்றை வைத்தார். தாள் அச்சாகி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஏறியது. எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டு, “ஏம்மா, மெய்யெழுத்துக்கு மேல வைக்க வேண்டிய புள்ளியெல்லாம் கீழ உதிர்ந்து கிடக்குதே” என்றார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து மீண்டும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது குறியைப் பற்றியது அன்று. ஆங்கில மூலத்தில் ‘நீங்கள் செய்ய வேண்டும்’ என்ற பொருளுடைய சொற்களோடு ஒரு வாக்கியம் தொடங்கி, அதன் கீழே நான்கு வரிகள் அந்த வாக்கியத்தை நான்கு விதமாக முடித்து வைத்தன. நான் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தபோது இப்படி ஆகிவிட்டது:

நீங்கள்
• அடையாள அட்டையைக் கொண்டு வர
• உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எடுத்து வர
• மூக்குக் கண்ணாடியை அணிந்து வர மற்றும்
• முந்தைய இரவு 10 மணிக்குப் பின் உணவு உண்ணாமல் இருக்க
வேண்டும்.

அந்த ‘வேண்டும்’ கடைசியில் தனியாக நிற்பதைப் பார்த்தால், பேருந்தைத் தவறவிட்டவரைப் பார்ப்பது போல் இருக்கிறது. தமிழில் இத்தகைய பட்டியலை எழுதுவதற்கு ஏதேனும் முறை இருக்கிறதா? எந்தக் குறியை, எந்த அளவில் பயன்படுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 — பழைய மெய்ப்புத் திருத்துநர்

டிக் குறி எப்படி ஜெர்மன் எழுத்தானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். வேர்டு செயலி பட்டியலுக்கென்று எடுத்துக் கொடுக்கும் குறிகளில் பல, தமக்கெனத் தனி எண் பெற்ற எழுத்துகள் அல்ல. சிம்பல், விங்டிங்ஸ் என்ற பட எழுத்துருக்களில், வேறு எழுத்துகளுக்கு உரிய இடங்களில் குடியேறியிருக்கும் உருவங்கள். விங்டிங்ஸில் டிக் குறி இருப்பது 252ஆம் இடம். மேலை ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் அதே இடம் இரு புள்ளி வைத்த யூ-வுக்குச் சொந்தம். எழுத்துருவை மாற்றியதும் வாடகைக்கு இருந்தவர் வெளியேறி வீட்டுக்காரர் வந்து நின்றுவிட்டார். சிறிய கருஞ்சதுரத்தை வைத்திருந்தால் சட்ட நூல்களில் பிரிவைக் குறிக்கும் § வந்திருக்கும். அதன் இடம் 167. சில செயலிகளில் இவை எதுவும் வராமல் வெறும் கட்டம் மட்டும் வரும்.

இது புதிய நோயும் அன்று. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, தமிழ் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கிய திஸ்கி என்ற பழைய குறிமுறையில் அமைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்திய காலத்தில், சிம்பல் எழுத்துருவின் கரும்பொட்டு 183ஆம் இடத்தில் இருந்தது. திஸ்கியில் அந்த இடம் ஆய்த எழுத்துக்கு உரியது. எனவே கோப்பு முழுவதையும் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் ஒவ்வொரு வரியும் ஃ என்று தொடங்கும். அந்தக் காலத்தில் நான் திருத்திய ஒரு விழா மலரில், நன்றியுரைப் பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களும் ஆய்தத்தோடு தொடங்கின. சிவப்புப் பேனாவால் அவற்றை அடிக்கும்போது, மூன்று புள்ளிகளால் ஆன எழுத்து ஒரு புள்ளிக்குப் பதிலாக வந்திருக்கிறதே, வட்டி அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். 1997இல் இதே சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் தமிழ் எழுத்துக் குறிமுறைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி அவ்வளவு தீவிரமாகப் பேசியதற்கு இப்படிப்பட்ட அன்றாட எரிச்சல்களும் காரணம்.

இதிலிருந்து தப்ப எளிய வழி, யூனிகோடில் தனக்கென்று இடம் பெற்ற குறியை மட்டும் பயன்படுத்துவது. கரும்பொட்டுக்குப் பதின்ம எண்ணில் 8226, வெற்றுப் பொட்டுக்கு 9702, டிக் குறிக்கு 10003. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0149 என்று தட்டினால் கரும்பொட்டு வரும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையோடு 8. இவற்றை எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் அடையாளம் மாறாது. மாற்றிய எழுத்துருவில் அந்தக் குறியின் வடிவம் இல்லையென்றால் செயலி வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும், அல்லது கட்டம் காட்டும். வேற்றெழுத்தாக மட்டும் வேடம் போடாது.

பாட்டி சொன்னதற்கு வருவோம், ஏனெனில் அவர்தான் இந்தத் துறையின் சிறந்த மெய்ப்புத் திருத்துநர். வடிவமைப்பாளர் வைத்தது நடுப்புள்ளி. அது கரும்பொட்டைவிட மிகச் சிறியது. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் மாற்றி வைத்தால் அழகு கெடும், அவ்வளவுதான். தமிழில் அது குழப்பத்தையே உண்டாக்கும், ஏனெனில் நம் எழுத்தில் புள்ளிக்கு வேலை இருக்கிறது. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் விதித்த நாள் முதல், புள்ளி இருந்தால் ஓர் எழுத்து, இல்லாவிட்டால் வேறோர் எழுத்து. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று பழைய சுவடிகளில் புள்ளியை விட்டுவிட்டு எழுதியதால், பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. அப்படிப்பட்ட எழுத்து முறையில், மெய்யின் தலைப்புள்ளி அளவிலேயே இன்னொரு புள்ளியை வரியின் தொடக்கத்தில் வைத்தால், கண் அதை எழுத்தோடு சேர்த்துப் படிக்கத்தான் முயலும். ஆகவே பட்டியல் குறி மெய்ப்புள்ளியைவிடப் பார்த்தவுடன் தெரியும்படி பெரியதாக, குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கைப்பழக்கத்தில் கண்ட அளவு.

உயரத்தையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்துருவிலிருந்து வரும் கரும்பொட்டு, அந்த மொழியின் சிறிய எழுத்துகளுக்கு நடுவாக அமையும்படி வரையப்பட்டது. தமிழ் எழுத்துகளின் உடல் பெரும்பாலும் அவற்றைவிட உயரமானது. அதனால் பொட்டு சற்றுத் தாழ்ந்து, வரியிலிருந்து நழுவியது போல் தெரியும். இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்புச் செயலிகளில் பொட்டுக்கு மட்டும் தனிப் பாணி அமைத்து அளவைக் கூட்டவும், அடிக்கோட்டிலிருந்து சிறிது உயர்த்தவும் முடியும். ஒருமுறை அமைத்தால் போதும். அடுத்தது, தொங்கு உள்தள்ளல்: இரண்டாம் வரி பொட்டுக்குக் கீழே வரக் கூடாது, முதல் வரியின் முதல் எழுத்துக்கு நேர் கீழே வர வேண்டும். நம் சொற்கள் நீளமானவை என்பதால் தமிழ்ப் பட்டியலில் ஒரு வரியில் முடியும் உருப்படி அரிது. இதைச் செய்யாவிட்டால் பொட்டுகள் எழுத்துக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். இரு ஓரமும் சமன்படுத்தும் அமைப்பையும் பட்டியலில் தவிர்த்துவிடுங்கள். குறுகிய பத்தியில் மூன்று நீண்ட சொற்களை இழுத்துப் பிடித்து நிரப்பினால் நடுவில் கால்வாய் வெட்டியது போலாகிவிடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘புல்லட்’ என்பதைத் ‘தோட்டா’ என்று மொழிபெயர்த்த அறிவிப்பு ஒன்றை ஒருமுறை பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லே ‘சிறிய உருண்டை’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கிக் குண்டும் அந்த உருண்டைதான், பட்டியல் குறியும் அந்த உருண்டைதான். நம்மிடமோ முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, மெய்ப்புள்ளி, கோலப்புள்ளி எனப் புள்ளிகள் ஏற்கெனவே மிகுதி; எழுத்தின் அளவைக்கூடப் புள்ளி என்றுதான் சொல்கிறோம், கணினி அச்சில் 72 புள்ளி ஓர் அங்குலம். இதில் இன்னொரு புள்ளியையும் சேர்க்காமல் ‘பொட்டு’ என்று சொல்வதே எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுமொழி 2 — வகுப்பறை ஓரம்

குறியைப் பற்றி மேலே நண்பர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் தனித்து நிற்கும் அந்த ‘வேண்டும்’ பற்றிப் பேசுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். மாணவர்களின் கட்டுரைகளிலும் இதே வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னே வந்துவிடுகிறது. ஆகவே அந்த வினையோடு வாக்கியத்தை நிறுத்தி, எஞ்சியதை நான்கு பொட்டுகளுக்குப் பின்னால் பிரித்துக் கொடுக்க அந்த மொழியால் முடியும். தமிழில் முற்றுவினை கடைசியில் வருகிறது. முன்னுரை வரியை எழுவாயோடு முறித்துவிட்டால், வாசகர் நான்கு எச்சங்களையும் நினைவில் தாங்கிக்கொண்டு கடைசிவரை பயணம் செய்து, அங்கே வினையைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூத்தோருக்கான தாளில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. எனவே முதல் விதி இதுதான்: பொட்டுகளுக்கு முன் வரும் வரி தன்னளவில் முடிந்த வாக்கியமாகவோ, முடிந்த தலைப்பாகவோ இருக்க வேண்டும், பொட்டுக்குப் பின் வரும் ஒவ்வொன்றும் பக்கத்து வரியின் துணையில்லாமல் நிற்க வேண்டும்.

அடுத்தது, ‘மற்றும்’. மூன்றாம் வரியின் முடிவில் அதை வைத்திருக்கிறீர்கள். பல பொருள்களை அடுக்கும்போது கடைசிப் பொருளுக்கு முன் மட்டும் ஓர் இணைப்புச் சொல்லை வைப்பது ஆங்கிலத்தின் வழக்கம். தமிழ் ஒவ்வொன்றோடும் ‘உம்’ சேர்த்து அடுக்கும், அல்லது எதையும் சேர்க்காமல் அடுக்கும். எதையும் சேர்க்காமல் அடுக்குவதற்கு நம் இலக்கணத்தில் செவ்வெண் என்று பெயர். அந்தச் செவ்வெண்ணுக்கு நன்னூல் ஒரு நிபந்தனை விதிக்கிறது: செவ்வெண்ணும், ஏகாரம், என்றா, எனா ஆகியவற்றால் எண்ணும் எண்களும் கடைசியில் தொகை பெற வேண்டும், உம்மை, என்று, என, ஒடு ஆகியவற்றால் எண்ணுபவை தொகை பெற்றும் வரலாம், பெறாமலும் வரலாம். தொகை என்பது ‘மூவரும்’, ‘ஆறும்’, ‘ஆகிய’ போன்று, அடுக்கியவற்றைக் கூட்டிப் பிடித்துக்கொள்ளும் சொல். ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு’ என்ற குறளைப் பாருங்கள். ஆறு பொருள்கள், இடையில் ஒரு இணைப்புச் சொல்லும் இல்லை. ‘ஆறும்’ என்ற ஒரே சொல் அவ்வளவையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

என் கருத்தில், பொட்டு வைத்த பட்டியல் என்பது தாளில் மேலிருந்து கீழாக நிறுத்தி வைத்த செவ்வெண்தான். எனவே அதற்கும் தொகை வேண்டும். கீழ்நோக்கி இறங்கும் பட்டியலில் தொகையைக் கடைசியில் வைத்தால் உங்கள் ‘வேண்டும்’ போல அது தொலைந்துபோகும். ஆகவே தொகையை முன்னுரை வரிக்கு ஏற்றிவிடுவதே நல்லது. ‘பின்வரும் நான்கு’, ‘கீழ்க்காணும் மூன்று’ என்று நாம் எழுதுவது அலுவலகச் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பழைய தொகையின் சாயல் தெரிகிறது. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால், கண்பார்வை மங்கிய வாசகரும் நான்காவதைத் தேடிக் கண்டுபிடிப்பார்.

உங்கள் பட்டியலை நான் இப்படி எழுதுவேன்:

பரிசோதனைக்கு வருவோர் பின்வரும் நான்கையும் கடைப்பிடிக்க வேண்டும்:
• அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.
• உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எடுத்து வாருங்கள்.
• மூக்குக் கண்ணாடியை அணிந்து வாருங்கள்.
• முந்தைய இரவு 10 மணிக்குப் பின் உணவு உண்ணாதீர்கள்.

நான்கும் ஒரே வினைவடிவத்தில், வாசகரை நோக்கி ஏவும் முற்றாக முடிகின்றன. முழு வாக்கியங்கள் என்பதால் நான்கிலும் முற்றுப்புள்ளி வைத்தேன். ‘அடையாள அட்டை’, ‘மருந்துப் பட்டியல்’ என்று பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால் எதிலும் புள்ளி வைத்திருக்க மாட்டேன். சட்ட ஆவணங்களில் செய்வது போல ஒவ்வொரு வரியிலும் அரைப்புள்ளி இட்டுக் கடைசியில் முற்றுப்புள்ளி வைப்பது பிழையில்லை. ஆனால் புள்ளிகளின் கூட்டம் பெருகும் என்பதால், மேலே நண்பர் சொன்ன காரணத்தை ஒட்டி, அதைத் தவிர்ப்பேன்.

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் நான்காவது வரி. முதல் மூன்றும் புறப்படும்போது செய்பவை. நான்காவது முந்தைய இரவே செய்ய வேண்டியது. அதை மறந்துவிட்டால் மற்ற மூன்றையும் செய்து பயனில்லாமல் போகலாம். பொட்டு என்ன சொல்கிறது? ‘இவை அனைத்தும் ஒரே தரத்தன, எதை முதலில் படித்தாலும் சரி’ என்று சொல்கிறது. இந்தப் பட்டியலில் அது உண்மையில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவற்றுக்கு எண் இட வேண்டும். பின்னால் ‘மேலே 3இல் கூறியபடி’ என்று சுட்ட வேண்டியவற்றுக்கும் எண் அல்லது அ, ஆ, இ என்ற எழுத்து இட வேண்டும். இங்கே மூன்றைப் பொட்டிட்டு வைத்து, உணவு பற்றியதைப் பட்டியலுக்கு வெளியே எடுத்துத் தடித்த எழுத்தில் தனி வாக்கியமாக வைப்பதே சரி என்பேன்.

மறுமொழி 3 — இணையப் பக்கம் கட்டுபவன்

துண்டறிக்கை அச்சோடு நிற்பதில்லை, அதன் சொற்கள் மறுநாளே வாட்ஸ்அப் குழுக்களிலும் இணையப் பக்கத்திலும் ஏறிவிடுகின்றன என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

பொட்டைக் கையால் தட்டச்சு செய்வதற்கும், பட்டியல் என்று செயலிக்கே அறிவித்துவிட்டு அதைப் பொட்டு வைக்கச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பட்டியலாக அறிவித்தால், திரையைப் படித்துக் காட்டும் செயலி ‘நான்கு உருப்படிகள் கொண்ட பட்டியல்’ என்று பார்வையற்றவருக்கு முன்கூட்டியே சொல்லும். மேலே ஆசிரியர் சொன்ன தொகையைக் கணினியே கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் தட்டிய பொட்டில் அந்த அறிவிப்பு கிடைக்காது. வெறும் வரிகளாகப் படித்துக்கொண்டு போகும். அழகுக்காகப் பொட்டை மறைத்துவிடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: ஆப்பிளின் சஃபாரி உலாவியில், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் பாணித்தாள் வழியாகப் பட்டியலின் குறியை நீக்கினால், ஆப்பிளின் திரை படிக்கும் செயலியான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே கருதாமல் விட்டுவிடும்.

உலாவிகள் பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது, முதல் அடுக்கில் கருவட்டம், இரண்டாவதில் வெறும் வட்டம், மூன்றாவதில் சதுரம் என்று தாமாகவே வைத்துக்கொள்ளும். கைபேசித் திரையில் தமிழுக்கு மூன்றாம் அடுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு முறை உள்ளே தள்ளிய பிறகு ஒரு வரியில் இரண்டு சொற்கள்கூட நிற்பதில்லை.

தமிழ் எண்களால் வரிசையிடும் வசதியும் இணையத்தின் பாணித்தாள் மொழியில் இருக்கிறது. ஆனால் அது 10 என்பதை ௧௦ என்று இடமதிப்பு முறையில் காட்டும், பழைய நூல்களின் ௰ வராது. இன்றைய வாசகருக்கான அறிவிப்பில் இரண்டுமே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் 2024 பிப்ரவரி முதல் பட்டியல் வசதி வந்துவிட்டது. வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு கோடோ நட்சத்திரக் குறியோ இட்டு, ஓர் இடைவெளி விட்டு எழுதினால் அதுவே பொட்டாக மாறும். நட்சத்திரத்தைவிடக் கோட்டையே நான் விரும்புவேன், ஏனெனில் அங்கே இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் அகப்படும் சொற்கள் தடித்த எழுத்தாகிவிடும். இடைவெளி விட மறந்தால் எங்கோ பாதி வரி தடித்துக் காட்சி தரும். வேர்டிலிருந்து படியெடுத்து ஒட்டும்போது பொட்டுக்குப் பின்னால் வரும் அகன்ற வெளியையும் ஒருமுறை பார்த்து அழித்துவிடுங்கள்.

மறுமொழி 4 — நான்கு மொழிக்காரி

ஆசிரியர் ஐயா சொன்ன இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை, ஆனால் நான்காவது வரியைத் தமிழில் மட்டும் பட்டியலுக்கு வெளியே எடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நான்கு மொழி வெளியீடுகளை ஒருங்கிணைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அந்தத் தாளை இறுதியாகச் சரிபார்ப்பவர் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாதவர். அவர் எதை வைத்துச் சரிபார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்? தேதி, நேரம், தொலைபேசி எண், அதன் பிறகு பொட்டுகளின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் நான்கு, சீனத்தில் நான்கு, மலாயில் நான்கு, தமிழில் மூன்று என்றால் ஒரு வரி விடுபட்டுவிட்டது என்று முடிவு செய்வார். விடுபட்டதைத் தாமே ‘நிரப்ப’ முயன்று, வேறெங்கோ இருந்த ஒரு வரியை எடுத்து ஒட்டிய கதையும் எனக்குத் தெரியும். தமிழ் அறியாத கண்ணுக்கு அந்தத் தாளில் புரிகின்ற ஒரே தமிழ் எழுத்து பொட்டுதான்.

அதே காரணத்தால் குறியின் வடிவமும் நான்கு மொழிகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். தமிழுக்கு மட்டும் டிக், மற்றவற்றுக்குக் கரும்பொட்டு என்று இருந்தால், ‘இங்கே ஏதோ வேறு பொருள்’ என்ற ஐயம் வரும். மேலும், டிக் குறி ‘இது செய்து முடிக்கப்பட்டது’ அல்லது ‘இது அனுமதிக்கப்படுகிறது’ என்ற பொருளையும் தரும். ‘உணவு உண்ணாதீர்கள்’ என்பதன் முன்னால் டிக் நின்றால் அதை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் சொன்ன குறை உண்மையானது என்பதால், மாற்றத்தை ஆங்கில மூலத்திலேயே செய்யக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர்தான் மூலத்தை முதன்முதலாகச் சொல் சொல்லாகப் படிப்பவர். அவர் சுட்டிக்காட்டினால் பெரும்பாலும் கேட்கிறார்கள். உணவு பற்றிய வரி முதலில் வரட்டும், நான்கு மொழிகளிலும் எண்கள் வரட்டும்.

மறுமொழி 5 — வகுப்பறை ஓரம்

நான்கு மொழிக்காரி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் தமிழ்ப் பகுதியை மட்டும் பார்த்தேன். தாள் முழுவதையும் பார்க்கவில்லை. மூலமே மாறுமானால் எண் இட்ட பட்டியலே பொருத்தம். அப்போது ‘பின்வரும் நான்கையும்’ என்பதோடு ‘இதே வரிசையில்’ என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டவரின் பதில் — ஈசூன் தொண்டூழியர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மூலத்தை எழுதியவரிடம் பேசினேன். உணவு பற்றிய வரியை முதலில் கொண்டுவர உடனே ஒப்புக்கொண்டார். சீன மொழிபெயர்ப்பாளரும் இதையே முன்பு கேட்டிருந்தாராம். ஆனால் எண்களுக்கு ஒப்பவில்லை, பழைய அறிக்கைகளோடு ஒத்துப்போகக் கரும்பொட்டே இருக்கட்டும் என்றார். சரி என்றேன். ‘இதே வரிசையில்’ என்பது பொட்டோடு ஒட்டாது என்பதால் அதை விட்டுவிட்டேன். முன்னுரை வரியில் ‘பின்வரும் நான்கையும்’ மட்டும் நிற்கிறது, ‘மற்றும்’ போய்விட்டது, நான்கு வரிகளும் ஏவல் வினையில் முடிகின்றன.

வடிவமைப்பாளருக்கு 8226 என்ற எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, எழுத்துருவை மாற்றினாலும் அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அளவைச் சற்றுப் பெரிதாக்கி, கொஞ்சம் மேலே ஏற்றி மாதிரி அனுப்பினார். ஆங்கிலப் பகுதியின் பொட்டைவிடத் தமிழ்ப் பொட்டு பெரியதாக இருக்கிறதே, பரவாயில்லையா என்று அவருக்கு ஐயம். இரண்டு பகுதிகளையும் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன என்றார்.

அடுத்த வாரம் தாள் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரு படியை எங்கள் புளோக்கில் இருக்கும் பாட்டியிடம் கொடுத்து, கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன்.